கூடப் பிறந்தவர்கள் பிரியாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். அம்மா அப்பா இருவரையும் இழந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆயாவோ சித்தியோ அத்தையோ வந்து நிற்பார்கள். மூன்று பேர், நான்கு பேர், சில நேரம் ஆறு பேர். அவர்கள் என்னிடம் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் ஆறு பேரில் மூத்தவள். 1994-இல் எட்டு மாத இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் போனார்கள். அப்போது எனக்கு 17 வயது, கடைசித் தங்கைக்கு 3.

பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. பிறகு எப்படிப் பிரிந்து போகிறார்கள்?

பாசத்தால்தான் பிரிகிறார்கள். கருமாதி முடிந்த ராத்திரி, பந்தல்காரர் கம்பைப் பிடுங்குவதற்குள், திண்ணையில் பேச்சு தொடங்கும். "சின்னவனை நான் பாத்துக்கறேன்" என்பார் மாமா. "பொம்பளப் புள்ளய எங்கிட்ட விடுங்க" என்பார் சித்தி. ஏழை வீடுகளில் ஒரு வயிறு கூடுவதே பெரிய பாரம். அதையும் மீறி ஒரு பிள்ளையை ஏற்கிறார்கள் என்றால் அது நல்ல மனசு. ஆனால் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு விடிந்ததும் பஸ் ஏறினால், பிள்ளைகள் அம்மா அப்பாவோடு அண்ணன் தங்கையையும் சேர்த்து இழக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர் ஐந்து வீட்டுக்குப் போனோம். நானும் அடுத்தவளும் முதுநகரில் ஆயாவிடம் இருந்தோம். பெரிய தம்பி பண்ருட்டிப் பக்கம், சின்னத் தம்பி புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் பெரியப்பாவிடம், அடுத்த தங்கை நெல்லிக்குப்பத்தில் சித்தியிடம். கடைசியவள் வெளியூரில் ஒரு குழந்தை இல்லாத தம்பதியிடம்.

அந்தப் பதினாறு நாள்தான் முக்கியம். கருமாதிக்கு முன்பே எல்லாப் பிள்ளைகள் பெயரையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆளாளுக்குத் தனி மனு கொடுத்தால் அலுவலகத்துக்கு அது ஆறு தனிப் பிள்ளைகள். ஒரே தாளில் ஆறு பெயர் இருந்தால்தான் அது ஒரு குடும்பம் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும்.

எங்கே கொடுக்க வேண்டும்?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். முடிவு எடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எங்கே போவது என்று புரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனுவுக்குச் சீல் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சித்தி, சித்தப்பா இருக்கிறார்கள். அப்படி இருந்தும் இவர்கள் ஆதரவற்ற பிள்ளைகளா?

ஆமாம். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பெற்றோரும் சட்டப்படியான காப்பாளரும் இல்லாத பிள்ளை ஆதரவற்ற பிள்ளைதான். காப்பாளர் இருந்தும் அவரால் வளர்க்க முடியவில்லை அல்லது அவருக்கு மனமில்லை என்றாலும் அப்படியே. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். "எங்க வீட்டுப் புள்ளைங்க அனாதை இல்ல" என்று ஆயா ரோஷமாகச் சொல்லிவிட்டால் வரவேண்டிய உதவியெல்லாம் நின்றுபோகும்.

மனு கொடுத்தால் பிள்ளைகளை ஹோமுக்குத் தூக்கிப் போய்விடுவார்களா?

என்னிடம் வருகிறவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். பாதிப் பேர் இந்தப் பயத்தாலேயே மனு கொடுக்காமல் திரும்பிப் போகிறார்கள்.

இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அந்தச் சட்டமே சொல்கிறது. குடும்பத்தோடு வைத்திருக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் விசாரிக்க வருவார். யார் சமைக்கிறார்கள், பெண் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், வருமானம் என்ன, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்றே சொல்லுங்கள். ஏழ்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. அதற்குத்தான் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளிடமும் கேட்பார்கள், அவர்களுடைய விருப்பத்தைக் கேட்பது சட்டத்தில் இருக்கிறது. "நாங்க ஒண்ணாத்தான் இருப்போம்" என்று பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இல்லத்தில் ஆறு பேரையும் ஒன்றாக வைப்பார்களா?

இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடியாது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனி இல்லம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள ஆதரவற்ற குழந்தை என்றால் சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தில் வைப்பது நடைமுறை. ஆக, 14 வயது அக்கா, 10 வயது தம்பி, 4 வயது பாப்பா என்று மூன்று பேர் போனால் மூன்று வாசலில் இறங்க வேண்டி வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. வயசும் பாலும் பார்த்துப் போட்ட கணக்கு அது.

அதனால்தான் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு பெரியவரை முதலிலேயே தேடிப் பிடிக்கச் சொல்கிறேன். சொந்தத்தில் யாருமே இல்லை என்றால், வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழி இருக்கிறது. அதில் கூடப் பிறந்தவர்களை ஒன்றாகவே வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது, பிள்ளைகளின் நலனுக்கே அது கேடு என்றால் தவிர. அந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதுங்கள். இல்லம்தான் என்று முடிவானாலும், ஒரே ஊரில் இல்லம் கேளுங்கள், மாதம் ஒரு முறை பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க அனுமதி கேளுங்கள். நலக் குழுவின் உத்தரவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சோறு போட யார் பணம் தருவார்கள்?

வத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமம் என்றால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள்ளும், நகரம் என்றால் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் 18 வயது முடியும்வரை மாதம் 2,000 ரூபாய். எந்தப் பிள்ளைக்கு எதில் கிடைக்கும் என்பதைப் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். "ரெண்டு பேருக்குத்தான் கிடைக்குமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களே பெயரைக் குறைத்துவிடாதீர்கள். எல்லார் பெயரையும் எழுதுங்கள்.

சம்பாதிக்கிறவர் 60 வயதுக்கு முன் இறந்திருந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு மத்திய அரசின் குடும்ப நல உதவி 20,000 ரூபாய் உண்டு. ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா என்றும் பாருங்கள், மாதம் 1,200 ரூபாய். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். மூன்று பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில் முடிந்தால் அந்த வீடு நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன தாள் வேண்டும்?

அம்மா, அப்பா இருவரின் இறப்புச் சான்று. 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் அலைச்சல் இல்லை, ஒரு வருடம் தாண்டினால் நடை அதிகம். பிறகு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று, அதில் கைக்குழந்தை உட்பட அத்தனை பேர் பெயரும் இருக்கிறதா என்று நின்று சரிபாருங்கள். ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்தில் படிப்புச் சான்று.

ரேஷன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையைக் கூட்டிப் போன வீட்டார் அரிசிக்காக அதன் பெயரைத் தங்கள் கார்டில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முன் பழைய கார்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். எங்கள் அம்மாவின் பழைய கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு பெயரில் நான்கின் மேல் சிவப்பு மையில் கோடு. நாங்கள் ஆறு பேரும் ஒரே வீட்டில் இருந்ததற்கு வேறு தாள் இல்லை.

எனக்கு 19 வயது. தம்பி தங்கைகளை நானே பார்த்துக்கொள்ளலாமா?

18 முடிந்தவர் காப்பாளர் ஆகலாம். 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். 18 ஆகவில்லை என்றால், ஆயாவோ அத்தையோ பெயரளவுக்காவது பொறுப்பில் இருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அடுத்தவளையும் பத்தாவதோடு நிறுத்தினேன், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று. அவள் இன்று வரை அதை மறக்கவில்லை, மறக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மூத்தவர் படிப்பை விட்டுத்தான் மற்றவர்கள் வளர வேண்டும் என்ற காலம் இது இல்லை.

குழந்தை இல்லாத நல்ல குடும்பம் ஒன்று சின்னக் குழந்தையைக் கேட்கிறது. பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆயாவுக்கோ மாமாவுக்கோ பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தங்கள் இஷ்டத்துக்குத் தத்துக் கொடுக்கும் உரிமை கிடையாது. முத்திரைத்தாளில் எழுதி நாலு பேர் கையெழுத்துப் போட்டாலும் அது தத்து ஆகாது. சட்ட நடைமுறையை மீறிக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ. பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. தண்டனை இன்னும் கடுமை.

சட்டப்படியான தத்தில், முதலில் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கும். இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் கெடு. அந்தக் கெடு உங்களுக்குத்தான். "இந்தக் குழந்தைக்குக் கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வளர்க்கிறோம்" என்று அதற்குள் போய் நில்லுங்கள். சித்தி, அத்தை, மாமா, தாத்தா, ஆயா இவர்களே தத்தெடுக்கவும் வழி உண்டு.

என் கடைசித் தங்கையைக் கொடுத்தது நல்ல வீட்டுக்குத்தான். அவளை நன்றாகப் படிக்க வைத்தார்கள். முகவரி மாறி, தொடர்பு விட்டு, 11 வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தாள். அம்மா முகம் அப்படியே. "வாங்க, உட்காருங்க" என்றாள். மற்ற நான்கு பேரும் என்னை "வா க்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, விருந்தாளி முன் நிற்பது போல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மாமா பையனை வேலைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். சோறாவது கிடைக்குமே?

14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது.

பெரிய தம்பி 12 வயதில் முந்திரி உடைக்கிற இடத்துக்குப் போனான். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது இலையில் சோற்றைப் போட்டேன். கை வைக்கவில்லை. பசி இல்லையா என்றேன். ஆறட்டும் என்றான். அப்போதுதான் கையைப் பார்த்தேன். பத்து விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முந்திரித் தோட்டில் கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சுடுசோறு பட்டால் எரியும் என்று அந்தப் பிள்ளை காத்திருந்தது. மாமா கெட்டவர் இல்லை, அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் உடைத்தார்கள்.

16 வயசுப் பெண்ணை மாமன் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். கல்யாணம் செய்தால் பாரம் குறையுமே?

18 முடியாமல் கூடாது. 2006-ஆம் வருடச் சட்டத்தின்படி கட்டுகிறவருக்கும் நடத்தி வைப்பவருக்கும் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. நிச்சயம் பேசிவிட்டார்கள் என்று தெரிந்தாலே 1098-க்குச் சொல்லுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவள் போய்விட்டால் கீழே இருப்பவர்களைப் பிடித்து வைக்க வீட்டில் ஆள் இருக்காது என்பதையும் யோசியுங்கள்.

அப்பா பெயரில் உள்ள வீட்டைப் பெரியப்பா விற்கப் பார்க்கிறார்.

விற்க முடியாது. அப்பா சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1956-ஆம் வருட இந்துக் காப்பாளர் சட்டத்தின்படி, பிள்ளையைக் கூட வைத்து வளர்க்கிறார் என்பதற்காக ஒருவர் அதன் சொத்தை விற்க முடியாது. நீதிமன்றம் நியமித்த காப்பாளருக்கும் அனுமதி வேண்டும். பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து, அசலை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.

அம்மா வாங்கிய வாரக் கடனைப் பிள்ளைகள் கட்ட வேண்டுமா?

அம்மா விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் பிள்ளைகள் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. பல குழுக் கடன்களில் காப்பீடு பிடித்திருப்பார்கள், கடன் அட்டையைத் தேடி எடுங்கள்.

அப்பா வழிச் சொந்தம் பாகூரில், அம்மா வழி கடலூரில். எந்த ஊரில் மனு கொடுப்பது?

எல்லை தாண்டிப் பாகூர் போனால் வேறு அரசு. புதுச்சேரிக்குத் தனி நலக் குழு, தனித் திட்டங்கள். தமிழ்நாட்டு உதவித்தொகை அங்கே செல்லாது. பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கே கொடுங்கள். இரண்டு பிள்ளை இந்தப் பக்கம், இரண்டு பிள்ளை அந்தப் பக்கம் என்று பிரிந்திருந்தால், பிள்ளையின் சொந்த ஊர்க் குழுவுக்கு மாற்ற 95-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அரை மணி நேரப் பஸ் தூரம்தான், ஆனால் சின்னத் தம்பியின் தாள்களை மாற்ற எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் பிள்ளைகளை எல்லைக்கு இரு பக்கமும் பிரித்து வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சுனாமி நேரத்தில் பிள்ளைகளுக்கு அரசே இல்லம் திறந்ததே?

திறந்தது. 2004 டிசம்பர் 26-இல் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் வந்தன. அப்போது எல்லார் கண்ணும் நம் பக்கம் இருந்தது. காய்ச்சலிலும் விபத்திலும் சாராயத்திலும் ஒவ்வொன்றாகப் போகிற அப்பா அம்மாவுக்கு அப்படிக் கவனம் கிடைப்பதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே பிரிந்துவிட்டோம். இனி என்ன செய்வது?

பெயர், பிறந்த வருடம், கடைசியாகத் தெரிந்த முகவரி, அழைத்துப் போனவர் பெயர், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் நலக் குழுவிடம் கொடுங்கள், தேடித் தருவது அவர்கள் வேலை. ஒரே வீட்டில் சேர்க்க முடியவில்லை என்றால் ஒரே பள்ளிக்கூடத்திலாவது சேர்க்கப் பாருங்கள். டி.சி. தாமதமாகிறது என்று எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. அதுவும் இல்லை என்றால் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அம்மாவின் திதி அன்று கூடுவோம். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் அவர் ஊருக்குப் போய்விடுவோம். கடைசியவள் முதல் மூன்று வருடம் வரவில்லை. அவள் வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம். அவளை வளர்த்த அம்மாவே எங்களுக்குச் சமைத்துப் போட்டார். நான்காம் வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு முதுநகர் வந்தாள்.

மனு கொடுக்க வரும்போது சின்னக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாரையும் கூட்டி வாருங்கள். வரிசையில் நேரமாகும், குழந்தைக்குப் பாலோ பிஸ்கட்டோ கையில் எடுத்து வையுங்கள்.